ஆறு காலும் நடுக்குழியில்

முட்டை அட்டையில் முப்பது குழி. நீளவாக்கில் ஆறு, அகலவாக்கில் ஐந்து. ஆறு குழி உள்ள ஒரு வரிசையை நறுக்கி, சரி பாதியில் இன்னொரு வெட்டு வெட்டினால் மூன்று குழியாக இரண்டு துண்டு கிடைக்கும். கவிழ்த்துப் போட்டால் குழி மேடாகிவிடும். தலை, மார்பு, வயிறு. ஓர் அட்டைக்குப் பத்து எறும்பு தேறும். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்ப்புற நூலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பூச்சி செய்வது பல வருடங்களாக என் வேலை. அந்த வேலையில் எறும்புதான் முதல் பாடம்.

பொருள் சேர்ப்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம். பரோட்டாக் கடைகளில் அட்டை அட்டையாக முட்டை உடையும். நல்ல அட்டையை முட்டை வண்டிக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வார். ஓரம் கிழிந்தது எனக்கு. முட்டை ஒழுகிக் காய்ந்த கறை இருந்தால் அதை வாங்குவதில்லை. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி அதில் இருக்கலாம். மற்றதை மொட்டை மாடியில் இரண்டு மூன்று நாள் வெயிலில் காயப் போட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுப்பேன். வேலை முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவியாக வேண்டும், நான் உட்பட.

‘ஆளுக்கு ஐந்து பொருள் வீட்டிலிருந்து கொண்டு வாங்க’ என்று நான் சொல்வதே இல்லை. தூக்கிப் போடும் பொருள் எல்லா வீட்டிலும் இருக்கும் என்று நினைப்பது வசதியுள்ளவர்களின் நினைப்பு. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் முட்டையை ஒன்று இரண்டாகத்தான் வாங்குவார்கள், அதுவும் பேப்பரில் சுற்றி. பாலைத் தூக்குவாளியில் வாங்குவார்கள். காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடுகு இருக்கும். பிளாஸ்டிக் பையைக் கழுவிக் கொடியில் காயப் போட்டுத் திரும்பப் பயன்படுத்துவார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு வந்து கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனம் வராது. அதனால் நடுவில் ஒரு சாக்கு. கடையில் வாங்கியது, தெருவில் பொறுக்கியது, வீட்டிலிருந்து வந்தது எல்லாம் அதற்குள் போகும். யார் எதைப் போட்டார்கள் என்ற பேச்சே கிடையாது. எந்த வீட்டிலும் கட்டாயம் இருக்கும் என்று எனக்குத் தெரிந்த சிலவற்றை மட்டும் கேட்பேன்: கிழித்த காலண்டர் தாள், வெங்காயச் சருகு, காலித் தீப்பெட்டி, எரிந்த தீக்குச்சி, விளக்குமாற்றிலிருந்து உதிர்ந்த ஈர்க்கு. நல்ல பூச்சிகள் பெரும்பாலும் இந்த ஐந்திலிருந்தே பிறக்கின்றன.

எறும்பு செய்யும் அன்று நான் எதையும் முன்கூட்டிச் செய்து காட்டுவதில்லை. அட்டைத் துண்டைக் கையில் கொடுத்து, ‘எறும்பு ஆக்குங்க’ என்று மட்டும் சொல்வேன். புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றுபோல ஒரு காரியம் செய்வார்கள். குழிக்கு இரண்டு கால். மூன்று குழிக்கு ஆறு. கணக்குச் சரி, பார்க்கவும் வரிசையாக இருக்கிறது. செல்போன் வீடியோக்களிலும் கடையில் விற்கும் கைவேலைப் புத்தகங்கள் பலவற்றிலும் இப்படித்தான் இருக்கிறது. ‘தப்பு’ என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் விட்டு வாசல்படி ஓரம் வைப்பேன். சாமி எறும்பு வரும். கடிக்காது என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கும் பயமில்லை. மற்ற நேரத்தில் நிற்காமல் ஓடும் எறும்பு குடிக்கும்போது நிற்கும். அந்த நேரம் போதும்.

பூதக்கண்ணாடி எல்லோருக்கும் வாங்க முடியாது. தண்ணீர் பாட்டிலின் கழுத்துக்குக் கீழே வளைந்திருக்கும் பகுதியை வட்டமாக வெட்டி, அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பிடித்தால் அடியில் இருப்பது பெரிதாகத் தெரியும். ஒரு பாட்டிலில் இரண்டு மூன்று வட்டம் எடுக்கலாம். ஓரத்தை நான் உரசிக் கொடுத்துவிடுவேன்.

தட்டைச் சுற்றி நாலைந்து தலை முட்டிக்கொண்டு குனியும். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு யாராவது ஒரு பிள்ளை சொல்லும்.

“அக்கா, காலு எல்லாம் நடுவுல இருக்குக்கா.”

“எத்தனை?”

“ஆறும்.”

“ஏல, வயித்துல காலே இல்லைல!”

அவர்களாகவே தங்கள் எறும்புகளின் கால்களைப் பிடுங்க ஆரம்பிப்பார்கள். இந்த இடத்துக்காகத்தான் நான் இந்த வேலையைச் செய்கிறேன். ‘பூச்சிக்கு ஆறு கால், மூன்று உடற்பகுதி’ என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒப்பிக்கும். ஆறு காலும் மார்பிலிருந்துதான் வருகிறது என்பதைப் பரீட்சைக்கு எழுதியும் இருக்கும். ஆனால் கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, இந்தக் காலை எங்கே குத்துவது என்று தவித்த பிறகு எறும்பைப் பார்க்கும் கண் வேறு. கைக்கு ஒரு கேள்வி வந்தால்தான் கண் அதைத் தேடும்.

நடுக்குழியில் ஆறு ஓட்டை போட்டால் அட்டை நைந்து கிழியும். இது அடுத்த சிக்கல். அதற்கும் அவர்களே வழி கண்டுபிடிக்கிறார்கள். கோணி ஊசியால் பக்கத்துக்கு மூன்று ஓட்டை போட்டு, கட்டுக்கம்பியை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுத்தால் மூன்று கம்பியில் ஆறு கால் வந்துவிடும். பிறகு இடுப்பு. எறும்பின் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே நூல் மாதிரி ஒரு கணு உண்டு. அட்டைக் குழிகள் ஒன்றோடொன்று ஒட்டி இருப்பதால் அது தெரியாது. கண் கூர்மையான பிள்ளைகள் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். மூன்றாவது குழியைத் தனியே வெட்டி, நடுவில் ஒரு புளியங்கொட்டையையோ பழைய பாசிமணியையோ வைத்துக் கம்பியில் கோத்தால் இடுப்பு வந்துவிடும். உணர்கொம்பையும் நேராக நீட்ட விடமாட்டார்கள். எறும்பின் கொம்பு முழங்கை மடிப்பதுபோல மடங்கியிருக்கும். அதையும் தட்டிலேயே பார்த்திருப்பார்கள்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஆறு காலை வைத்துக்கொண்டு எறும்பு எப்படிக் கால் பின்னாமல் நடக்கிறது என்று கேட்டாள். நல்ல கேள்வி. எறும்பு ஒரு பக்கத்தின் முன்காலும் பின்காலும், மறுபக்கத்தின் நடுக்காலும் தரையில் ஊன்றியிருக்க, மற்ற மூன்றையும் தூக்கி முன்னே வைக்கும். அடுத்த எட்டுக்கு முறை மாறும். அவள் செய்த எறும்பையே எடுத்து, அந்த மூன்று கம்பியை மட்டும் தரையில் விட்டு மற்ற மூன்றை மேலே மடக்கச் சொன்னேன். நின்றது. ஒரே பக்கத்தின் மூன்று காலையும் மடக்கச் சொன்னேன். சாய்ந்தது. மேடுபள்ளமான தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது என்பதை அவளே எனக்குச் சொன்னாள். அவள் அப்பா மாடு கறக்க முக்காலி போட்டு உட்காருகிறவர்.

இப்போது காலுக்கு வருவோம். கம்பிக் கால் வளையும், ஆனால் அதற்கு மூட்டு இல்லை. பூச்சியின் கால் துண்டு துண்டாக மூட்டுப் போட்டது. அதைக் காட்ட நான் அரவிந்த் குப்தாவின் வழியைப் பின்பற்றுகிறேன். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அவர். 1978இல் வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதியில் கிராமப் பள்ளிகளின் அறிவியல் கல்வித் திட்டத்தில் சேர்ந்தார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்து முக்கோணம், சதுரம், கனசதுரம் என்று அவர் கட்டிக் காட்டிய விதம் நாடு முழுக்கப் பள்ளிகளுக்குப் போனது. குப்பையிலிருந்து பொம்மை செய்யும் வேலைக்கு இந்தியாவில் ஒரு மரியாதை வந்ததில் அவர் பங்கு பெரிது. 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த வால்வ் டியூபை அரை அங்குலத் துண்டாக நறுக்கி, இரண்டு பக்கமும் குச்சி செருகினால் மடங்கவும் நீளவும் செய்கிற மூட்டு. வெட்டுக்கிளியின் பின்னங்காலை இப்படிச் செய்து அழுத்தி விட்டால் ரப்பரின் விசையில் தாவும்.

குச்சியில் மட்டும் கவனம் வேண்டும். மருந்துள்ள குச்சியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. எரிந்த குச்சியாக இருந்தாலும் கருகிய முனையை நறுக்கிவிட்டுத்தான் தருவேன். எங்கள் ஊரில் இதற்கு ஒரு வசதி. பல பிள்ளைகளின் அம்மாமார் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்கள். மருந்து முக்காத கழிவுக்குச்சி கிடைக்கும்.

தீப்பெட்டி எங்கள் மண்ணின் பிழைப்பு. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்ததிலிருந்து, மழை பொய்க்கும் இந்தக் கரிசல் பூமியில் எத்தனையோ குடும்பம் குச்சியையும் பெட்டியையும் நம்பி அடுப்பு எரித்தது. அடிப்பெட்டி ஒட்டுவது, மேல்பெட்டி ஒட்டுவது என்று வீட்டுக்கு வீடு வேலை நடந்த காலம் ஒன்று இருந்தது. அதே பெட்டிதான் எங்கள் தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பொன்வண்டு வளர்க்கும் வீடு. வேல மரத்து இலையைப் பிய்த்துப் போட்டு, பச்சைப் பசேலென்று மின்னும் வண்டை உள்ளே விட்டு, முட்டை இடுகிறதா என்று பாடவேளைக்கு ஒரு தரம் திறந்து பார்ப்போம். இப்போது கேஸ் லைட்டர் வந்த வீடுகளில் தீப்பெட்டியே விளக்கு மாடத்தோடு நின்றுவிட்டது. பொன்வண்டைப் பார்க்காத பிள்ளைகள்தான் அதிகம்.

அதனால் பொன்வண்டு என் வகுப்பில் தவறாமல் இடம்பெறும். கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் கோவில்பட்டி. கடலைத் தோட்டுக்குக் குறைவில்லை. இரட்டைப் பருப்புக் கடலையை அவசரப்படாமல் முனையில் அழுத்தி உடைத்தால் தோடு நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும். அந்த இரண்டு பாதியும்தான் வண்டின் மேல் சிறகு. உண்மையான பொன்வண்டின் அளவுக்குக் கிட்டத்தட்ட பொருந்தும். சாக்லேட் சுற்றிய பச்சைத் தாளை நகத்தால் நீவி நீவித் தோட்டின் மேல் ஒட்ட வேண்டும். தோட்டின் மேடும் பள்ளமும் தாளில் ஏறிவிடும். வண்டின் முதுகிலும் சிறு சிறு குழி உண்டு என்பதால் அது இன்னும் அழகு. பொன்வண்டின் பச்சை சாயத்தால் வருவது இல்லை. அதன் ஓட்டில் மிக மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அவற்றில் பட்டு ஒளி திரும்பும் விதத்தில் அந்த நிறம் தெரிகிறது. வண்டு செத்துப் பல வருடம் ஆனாலும் மங்காது. அந்தச் சிறகுகளைத் துணியில் தைத்து அலங்கரிக்கும் வேலை இந்தியாவில் வெகுகாலம் நடந்தது; 19ஆம் நூற்றாண்டில் அந்தத் துணி இங்கிலாந்துவரை போனது. சாக்லேட் தாளைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் காட்டும் பிள்ளையிடம் இதைச் சொன்னால் நம்பாமல் கேட்கும். சோப்பு நுரையில் வரும் வானவில்லைக் காட்டினால் நம்பும்.

இரண்டு தோட்டையும் உடம்பில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். நான் விடமாட்டேன். தோடு திறக்க வேண்டும். முன்முனையில் ஓட்டை போட்டு நூலால் கட்டினால் கீல் மாதிரி திறந்து மூடும். திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது? இங்கேதான் வண்டின் சூட்சுமம் இருக்கிறது. மேலே இருப்பது மூடி மட்டுமே. பறப்பதற்கு அதன் அடியில் சவ்வு மாதிரி இன்னொரு ஜோடிச் சிறகு உண்டு. பல வண்டுகள் அதை மடித்து உள்ளே வைத்திருக்கும். தென்னந்தோப்பு உள்ள ஊர்ப் பிள்ளைகள் காண்டாமிருக வண்டில் அதைப் பார்த்திருப்பார்கள். துணிக்கடைப் பையின் மெல்லிய கண்ணாடித் தாளைத் தோட்டைவிடப் பெரிதாக வெட்டி, மடித்து உள்ளே திணிக்க வேண்டும். திணித்தால் வெளியே நீட்டும். எப்படி மடித்தால் முழுதும் உள்ளே போகும் என்று அரை மணி நேரம் போராடும் பிள்ளையை நான் நடுவில் நிறுத்துவதில்லை. முடித்த வண்டு தீப்பெட்டிக்குள் போகும். இலையும் கூடவே வைப்பார்கள், யாரும் சொல்லாமலே.

தட்டானுக்குக் காலண்டர் தாள். தினசரி காலண்டர் இல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. கிழித்த தாளை நீளமான முக்கோணமாக வெட்டி, அகன்ற முனையில் தொடங்கி ஈர்க்கின் மேல் இறுக்கிச் சுற்றி, கடைசி முனையில் மட்டும் பசை தொட்டு ஒட்ட வேண்டும். ஈர்க்கை உருவினால் நடுவில் தடித்து இரு பக்கமும் குறுகிய மணி ஒன்று கையில் இருக்கும். தட்டானின் வால் என்று நாம் சொல்வது அதன் வயிறு. அதில் பத்துக் கணு. ஆகவே பத்துத் தாள், பத்து மணி. ஒரு தட்டானுக்குப் பத்து நாள் வேண்டும். நல்ல நேரமும் இராகு காலமும் சுருண்டு உள்ளே போய்விடும்; ஞாயிற்றுக்கிழமைத் தாளின் சிவப்பு மட்டும் வளையமாக வெளியே தெரியும். பத்தையும் நூலில் கோத்தால் வால் வளையும், நிமிரும். ஒற்றை ஈர்க்கை வாலாக ஒட்டும் தட்டானில் இந்த உயிர் வராது.

சிறகுக்கு வெங்காயமும் பூண்டும் வரும் வலைப்பை. கண்ணாடித் தாளின் மேல் வலையை ஒட்டி வெட்டினால் தட்டான் சிறகின் நரம்பு அப்படியே வந்துவிடும். நான்கு சிறகையும் ஒரே அளவில் வெட்டுவார்கள். வெளியே போய் ஒரு தட்டானைப் பார்த்துவிட்டு வந்தால் பின்சிறகின் அடிப்பக்கம் அகலம் என்பது தெரியும். ஊசித்தட்டானில் நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோல. உட்காரும்போது தட்டான் சிறகை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான் பெரும்பாலும் முதுகின் மேல் சேர்த்து மடக்கிக்கொள்ளும். கண்ணுக்கு மாத்திரை அட்டையின் குமிழ். அதை வெட்டிக் கொடுப்பது என் வேலை. ஓரம் கையைக் கீறிவிடும். தட்டானுக்கு இரண்டு கண்ணும் தலையையே மூடி நிற்கும். ஊசித்தட்டானுக்கு இரண்டும் எட்ட எட்ட இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்த ஒரு பையன், தன் தட்டானின் குமிழைப் பிய்த்து நெருக்கி ஒட்ட மறுத்து, “இது ஊசித்தட்டான் ஆயிருச்சுக்கா, சிறகை மட்டும் மாத்திக்கிறேன்” என்றான். அந்தத் தீர்மானத்தை நான் இன்றும் வியக்கிறேன்.

தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவது ஊருக்கு ஊர் உள்ள விளையாட்டு. மணி கோக்கும்போது அதைப் பற்றிப் பேச்சு வரும். நான் கண்டிப்பதில்லை. அந்தப் பத்துக் கணுவுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வேன். குடல் இருக்கிறது. நீளமான குழாயாக இதயம் இருக்கிறது. மூச்சு விடும் துளைகள் பக்கவாட்டில் வரிசையாக இருக்கின்றன. நாம் நூலை இறுக்கும் இடம் அது. கேட்ட பிறகு எவன் விட்டான், எவன் விடவில்லை என்று நான் கணக்கு எடுத்ததில்லை. ஐப்பசியில் மைதானம் முழுக்க மஞ்சள் தட்டானாகப் பறக்கும்போது அவற்றில் சில கடல் தாண்டப் போகின்றன என்பதையும் சொல்வேன். வடகிழக்குப் பருவக்காற்றின் துணையோடு இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவரை அந்த இனம் போகிறது என்று மாலத்தீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார். மாலத்தீவில் தட்டான் முட்டையிடத் தேங்கிய நன்னீர் அநேகமாக இல்லை. ஆனாலும் வருடந்தோறும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகிறதே என்று அவருக்கு வந்த கேள்வியிலிருந்து தொடங்கியது அது. பிள்ளைகள் இதைக் கேட்டதும் வரைபடத்தை எடுத்து வரச் சொல்வார்கள். நூலகத்தில் செய்வதில் இந்த வசதி உண்டு.

வண்ணத்துப்பூச்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் முதலில் கேட்பது அதுதான், நான் கடைசியில் வைப்பதும் அதுதான். பழைய கல்யாணப் பத்திரிகை போதும். அதைவிட அதன் புழுவைச் செய்வது எனக்குப் பிடிக்கும். கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் புழு, கறிவேப்பிலை அழகியின் பிள்ளை. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் போலத் தெரியும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவட்டை நீட்டி நாற்றம் விடும். பாட்டில் மூடிகளைக் கோத்து உடம்பு, சிவப்பு ரப்பர் பேண்டை உள்ளே மறைத்துக் கவட்டை. இழுத்தால் வெளியே வரும்.

சிலந்தியும் மழை பெய்த மறுநாள் கரிசல் மண்ணில் ஊரும் சிவப்புப் பட்டுப்பூச்சியும் பூச்சி இல்லை, எட்டுக் கால் என்று சொன்னால் சில பிள்ளைகளுக்குக் கோபம் வரும். செய்யட்டும். எட்டுக் கால் போட்டால் சரி.

எனக்கு வருத்தம் பிள்ளைகளிடம் இல்லை. ஒரு பள்ளிக் கண்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். வகுப்பு முழுக்க ஒரே அளவில், ஒரே நிறத்தில் வண்ணத்துப்பூச்சி வேண்டும், வார்ப்புத் தாளை நானே வெட்டிக் கொண்டு வர வேண்டும் என்றார்கள். ஒரு பையன் செய்த கால் கோணிய குளவியை ஓரத்தில் தள்ளிவிட்டு, ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய பளபளப்பு அட்டையும் உருளும் பிளாஸ்டிக் கண்ணும் ஒட்டிய பூச்சிகளை முன்வரிசையில் வைத்தார்கள். அந்தக் குளவிக்கு இடுப்பு இருந்தது. கூட்டுக்கு மண் உருண்டையும் அவன் செய்து வைத்திருந்தான். அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. கழிவுப் பொருளில் கைவேலை என்று பெயர் வைத்துவிட்டு நூறு இருநூறு ரூபாய்க்குப் பொருள் வாங்கவைப்பதும், இரவு பதினொரு மணிக்கு அம்மாமார் உட்கார்ந்து ஒட்டுவதும் இப்போது சாதாரணமாகிவிட்டது. பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றே. பிள்ளை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்காதீர்கள். கோணினால் கோணட்டும்.

பசையை நானே காய்ச்சுவேன். ஒரு பங்கு மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து நாலு பங்கு தண்ணீரில் மிதமான தீயில் கிண்டினால், வெளுப்பு மாறிக் கண்ணாடி மாதிரி வரும்போது இறக்கலாம். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். பிள்ளைகள் வாயில் விரல் வைக்கும் இடத்தில் அது கூடாது. போடாததால் என்ன ஆகும் என்றால், அலமாரியில் வைத்த காகிதப் பூச்சிகளை ராமபாணப் பூச்சி வந்து தின்னும். மாவுப் பசை என்றால் அதற்கு உயிர். ஒரு பெண் தன் கும்பிடுபூச்சியின் கால் அரிபட்டிருப்பதைப் பார்த்து அழாமல், அரித்தது யார் என்று அலமாரியைக் குடைந்து, வெள்ளி நிறத்தில் ஓடிய அதைக் கண்டுபிடித்து, அடுத்த வாரம் பால் கவரின் உள்பக்கத்தில் அதையே செய்து வந்தாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பருத்தியும் மிளகாயும் போடும் காட்டில் பூச்சிமருந்து டப்பா வரப்போரம் கிடக்கும். மூடி அழகாக இருக்கும், நிறம் பிரகாசமாக இருக்கும், பிள்ளைகள் எடுத்து வந்துவிடுவார்கள். கழுவினாலும் அதை வைத்து எதுவும் செய்யக் கூடாது. சாக்கைத் தரையில் கொட்டியதும் முதலில் என் கண் போவது அதைத் தேடித்தான். இருந்தால் பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுத்து ஒதுக்கிவிட்டு, தொட்ட பிள்ளையைக் கை கழுவ அனுப்புவேன். சாக்கில் இருந்த மற்றவையும் அன்றைக்கு வேண்டாம். உடைந்த வளையல், பிளேடு, ஊசி மருந்துக் குப்பி இவையும் அப்படியே.

புரட்டாசி, ஐப்பசி மழை விழுந்தால் அடுத்த பாடம் ஈசல். மின்கம்பத்து விளக்கடியில் இறங்கி, சிறகை உதிர்த்துவிட்டு, ஜோடி ஜோடியாக மண்ணைத் தேடிப் போகும் கரையான்கள். மறுநாள் காலையில் சிறகு மட்டும் வாசலில் குவிந்து கிடக்கும். அரிசியோடு வறுத்துத் தின்ற ருசி வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அவர்களும் வகுப்புக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். உடம்புக்குப் புளியங்கொட்டை, சிறகுக்கு வெங்காயச் சருகு. சருகில் நீளவாக்கில் கோடு ஓடும், வெளிச்சம் ஊடுருவும். ஈசல் சிறகுக்கு அதைவிடப் பொருத்தமான பொருளை நான் பார்த்ததில்லை. நான்கு சிறகும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். சிறகு முளைத்த எறும்பும் மழைக்கு வெளியே வரும், ஆனால் அதற்கு முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. இடுப்பும் இருக்கும். ஈசலுக்கு இடுப்பு கிடையாது.

வழவழப்பான புளியங்கொட்டையில் மைதாப் பசை நிற்காது. காய்ந்ததும் சருகு ஒவ்வொன்றாக உதிரும். போன மழையில் ஒரு சின்னவன், “அக்கா, ஒட்டவே மாட்டேங்குது, வேற பசை தாங்க” என்று உதிர்ந்த சிறகைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். எனக்கு முந்திக்கொண்டு பக்கத்திலிருந்த பெண் பதில் சொன்னாள்.

“விடுல. அதுக்கு உதிரணும். இனி அது மண்ணுக்குள்ள போகணும்ல.”

அவன் யோசித்தான். பிறகு சாக்கைக் கிளறி ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான், மண் அள்ளிவர.